நாய், பூனையோடு ஐரோப்பிய எல்லை தாண்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் குடியிருந்துகொண்டு, வளர்க்கும் நாயையோ பூனையையோ இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாரிஸில் கல்யாணம், ஓஸ்லோவில் அக்கா வீடு, ஸ்பெயினில் கோடை விடுமுறை, எதுவாக இருந்தாலும் சரி. விதிகள் அவ்வப்போது திருத்தப்படும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன், போகிற நாட்டின் கால்நடைத் துறைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை நாள் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்?

போய்ச் சேரும் தேதியில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணுங்கள். இந்த வேலையில் சிக்கிக்கொள்பவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் எல்லாக் காகிதமும் இருக்கும், தேதிதான் இடிக்கும்.

முதல்முறை போடும் ரேபீஸ் (வெறிநாய்க்கடி) ஊசி, போட்ட நாளிலிருந்து 21 நாள் கழிந்த பிறகுதான் செல்லும். ஜூலை 20 அன்று எல்லை தாண்டுவதாக இருந்தால், ஜூன் 29-க்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். அதுவும் கடைசி நாள் கணக்கு. மருத்துவரிடம் நேரம் கிடைப்பதே சில ஊர்களில் இரண்டு வாரம் ஆகும் என்பதால், இரண்டு மாதம் முன்பே தொடங்குவது நிம்மதி. ஏற்கெனவே பாஸ்போர்ட்டும் நடப்பில் உள்ள ஊசியும் இருக்கிற நாய்க்கு இவ்வளவு அவசரம் இல்லை. புத்தகத்தைத் திறந்து தேதிகளைப் பார்த்தால் போதும், நாடாப்புழு மருந்து கேட்கும் நாடுகளைத் தவிர. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நாய்க்கு உண்மையிலேயே பாஸ்போர்ட் இருக்கிறதா?

இருக்கிறது. நீல அட்டை, ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திர வட்டம், உள்ளே அந்த நாட்டு மொழியிலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள். இப்போது புழக்கத்தில் உள்ள வடிவம் 2014 டிசம்பர் 29 முதல் வந்தது. நாய், பூனை, ஃபெரெட் (கீரி போன்ற வளர்ப்புப் பிராணி) மூன்றுக்கு மட்டும்தான் இது. அனுமதி பெற்ற கால்நடை மருத்துவர் யாரும் தரலாம். அந்தப் பிராணி உள்ளவரை அதே புத்தகம்தான். உரிமையாளர் மாறினால் புதுப் பெயரை அதற்குள்ளேயே எழுதுவார்கள்.

கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் அங்கேயே நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள். பிராணியின் தோலுக்கடியில் அடையாளத்துக்காக வைக்கும் சிப்பின் எண் புத்தகத்தில் ஒட்டியிருக்கும்; அதுவும் ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றா? ரேபீஸ் பக்கத்தில் ஊசி போட்ட தேதி மட்டுமல்ல, "எப்போதிலிருந்து செல்லும்", "எதுவரை செல்லும்" என்ற கட்டங்களும் நிரப்பப்பட்டுள்ளனவா? உரிமையாளர் கையெழுத்து போட்டாயிற்றா? மூன்றாவது உங்கள் வேலை. அதைத்தான் பலர் மறக்கிறார்கள். சிப் எண், ஊசி லேபிள் ஆகியவற்றின் மேல் ஒட்டிய கண்ணாடித் தாளைப் பிரிக்கக் கூடாது. பிரித்த தடம் தெரிந்தால் புத்தகமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் அங்கே தரும் பிராணிப் பாஸ்போர்ட் ஒன்றிய நாடுகளில் செல்லும், இங்கே தருவது அங்கே செல்லும்.

சிப் முதலா, ஊசி முதலா?

சிப். ஊசி போடும் அதே வேளையில் சிப் வைத்தாலும் சரி, ஆனால் ஊசிக்குப் பிறகு வைத்த சிப் உதவாது. யாருக்கு ஊசி போட்டோம் என்பதற்கு சாட்சியே அந்த 15 இலக்க எண்தான். வரிசை மாறியிருந்தால் ஊசியைத் திரும்பப் போட்டு மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும்.

சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இப்போது வைப்பவை எல்லாம் அப்படித்தான். வேறு கண்டத்திலிருந்து வந்த பிராணி என்றால் எதற்கும் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். தரம் வேறாக இருந்தால் அதைப் படிக்கும் ஸ்கேனரை நீங்களே கொண்டுபோக வேண்டிவரும். 2011 ஜூலை 3-க்கு முன் குத்திய பச்சை, தெளிவாகப் படிக்க முடிந்தால், சிப்புக்குப் பதிலாக இன்னும் செல்லும். ஆனால் அந்த வயது நாய்கள் இப்போது அபூர்வம்.

ஊசிக் காலம் இரண்டு நாள் முன்பு முடிந்துவிட்டது. இப்போது போட்டுவிட்டு நாளைக்கே கிளம்பலாமா?

முடியாது. காலம் முடிவதற்குள் போட்டால் அது தொடர்ச்சி, காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நாள் தாண்டிப் போட்டாலும் அது முதல் ஊசியாகவே கணக்கு, 21 நாள் காத்திருப்பு மறுபடி வரும். சில ஊசிகள் ஓராண்டுக்கும் சில மூன்றாண்டுக்கும் செல்லும். எது என்பது மருந்தைப் பொறுத்தது, "நம்ம நாய்க்கு மூணு வருஷம்" என்று நினைவிலிருந்து சொல்லாமல் புத்தகத்தைப் பாருங்கள்.

மற்ற ஊசிகளை (பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ) எல்லையில் கேட்க மாட்டார்கள். நாயை விடுதியில் விடப்போகிறீர்கள் என்றால் அந்த விடுதி கேட்கும்.

எட்டு வாரக் குட்டியை வேறு நாட்டிலிருந்து வாங்கி வரலாமா?

இதை அடிக்கடி கேட்கிறார்கள், கேட்பவர்களுக்குப் பதில் பிடிப்பதில்லை. ரேபீஸ் ஊசியைக் குட்டிக்கு 12 வாரம் நிறைந்த பிறகே போட முடியும். அதற்குமேல் 21 நாள். ஆக 15 வாரம் ஆகாத குட்டி பொதுவாக எல்லை தாண்ட முடியாது. சில நாடுகள் இதைவிடச் சிறிய குட்டிகளை உறுதிமொழிக் கடிதத்தோடு அனுமதிக்கின்றன. ஜெர்மனியும் பிரான்ஸும் அனுமதிப்பதில்லை.

இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் விளம்பரங்களைப் படிக்கும்போதே பாதி விஷயம் புரிந்துவிடும். எட்டு வாரக் குட்டி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறது, "பாஸ்போர்ட், ஊசி எல்லாம் முடிந்தது", சந்திக்கும் இடம் நெடுஞ்சாலை ஓரக் கார் நிறுத்தம். இதில் ஏதோ ஒன்று பொய். ஒன்று குட்டியின் வயது, இல்லையென்றால் ஊசித் தேதி, இரண்டுமேகூட இருக்கலாம். தாயை விட்டுச் சீக்கிரம் பிரித்து, வேனில் அடைத்து, பல நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்த குட்டிகளுக்குப் பார்வோ நோய் சகஜம். வாங்கிய விலையைவிட மருத்துவச் செலவு அதிகமாகும், அதற்குப் பிறகும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று: விற்பதற்காகவோ, ஆள் மாற்றிக் கொடுப்பதற்காகவோ பிராணியை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் அது "சொந்தப் பிராணியோடு பயணம்" அல்ல. ருமேனியாவிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ தெருநாயைத் தத்து எடுப்பதும் இதில் சேரும். அதற்கு அரசுக் கால்நடை மருத்துவரின் சான்றிதழும், ட்ரேசஸ் என்ற ஒன்றியத்தின் கணினிப் பதிவும் வேண்டும். ஒழுங்கான மீட்பு அமைப்பு என்றால் கேட்காமலே அந்தப் பதிவு எண்ணைத் தந்துவிடும். கேட்டும் மழுப்பினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் எல்லையில் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே, இத்தனையும் எதற்கு?

ஜெர்மனியிலிருந்து பிரான்ஸுக்குக் காரில் போகும்போது பெரும்பாலும் யாரும் நிறுத்தப்போவதில்லை, உண்மைதான். ஆனால் கப்பல் ஏறும் இடத்தில் பார்ப்பார்கள். விமானத்தில் செக்-இன் மேசையில் பார்ப்பார்கள். நார்வேயில் சுங்கத்துறை பார்க்கும். பிரான்ஸின் கலேயில், பிரிட்டன் போகும் கார் ரயில் ஏறும் முன் சிப்பை ஸ்கேன் செய்தே விடுவார்கள். இது தவிர, ஊர் தெரியாத இடத்தில் உங்கள் நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் முதலில் கேட்கும் காகிதம் ரேபீஸ் பக்கம்தான்.

விதி மீறி வந்த பிராணியைத் திருப்பி அனுப்பலாம், தனிமையில் அடைக்கலாம். இரண்டும் முடியாவிட்டால் கருணைக்கொலை வரை சட்டத்தில் இடமுண்டு. செலவு எல்லாம் உரிமையாளர் தலையில்.

நாடாப்புழு மருந்து எந்த நாடுகளுக்கு? அதில் ஏன் இவ்வளவு குழப்பம்?

பின்லாந்து, அயர்லாந்து, மால்டா, நார்வே, பிரிட்டன் (வட அயர்லாந்தும் சேர்த்து). இங்கே நுழையும் நாய்க்கு மட்டும். பூனைக்குத் தேவையில்லை.

காரணம், எக்கினோகாக்கஸ் மல்டிலாகுலாரிஸ் என்ற மிகச் சிறிய நாடாப்புழு. நரிகளிடம் வாழ்வது. வயல் எலியைப் பிடித்துத் தின்னும் நாய்க்கும் வரும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, நோய்வாய்ப்பட்டதாகவே தெரியாது. ஆனால் அதன் மலத்தில் வெளியேறும் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், கல்லீரலில் புற்றுக்கட்டி போலப் பரவும் நோய் வரும், அதுவும் பல ஆண்டு கழித்து. மத்திய ஐரோப்பாவில் இந்தப் புழு உண்டு. மேலே சொன்ன நாடுகள் தங்களிடம் இல்லை என்று காத்துவருகின்றன.

மருந்து பிராசிகுவான்டெல். இருக்கிற புழுவை அப்போதே கொல்லும், ஆனால் உடம்பில் தங்காது. நாளைக்கே நாய் இன்னொரு எலியைத் தின்றால் புழு திரும்ப வரும். அதனால்தான் அந்த இறுக்கமான கணக்கு: நாட்டுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரம் முன்பிருந்து 120 மணி நேரம் முன்பு வரையான இடைவெளியில், மருத்துவர் கையால் கொடுத்து, தேதியோடு நேரத்தையும் புத்தகத்தில் எழுத வேண்டும். வீட்டில் நீங்களே மாத்திரை கொடுத்தால் கணக்கில் வராது.

ஓர் உதாரணம். ஸ்டாக்ஹோமிலிருந்து இரவுக் கப்பலில் ஏறி, சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பின்லாந்தின் துர்க்கு துறைமுகத்தில் இறங்குகிறீர்கள். அதிலிருந்து 120 மணி நேரம் பின்னால் போனால் திங்கள் காலை 7. 24 மணி நேரம் பின்னால் போனால் வெள்ளி காலை 7. இந்த இரண்டுக்கும் நடுவில் மருந்து கொடுத்திருக்க வேண்டும். நான் எப்போதும் புதன் அல்லது வியாழன் என்று சொல்வேன். திங்களன்று கொடுத்து, கப்பல் ஒரு நாள் தாமதமானால் 120 மணி தாண்டிவிடும். எண்ண வேண்டியது கிளம்பும் நேரத்தை அல்ல, இறங்கும் நேரத்தை.

ஜெர்மனியிலிருந்து டென்மார்க், ஸ்வீடன் வழியாக ஓஸ்லோவுக்குக் காரில் போகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள். டென்மார்க்கும் ஸ்வீடனும் இந்த மருந்தைக் கேட்பதில்லை. ஸ்வின்சுண்ட் பாலத்தைத் தாண்டியதும் நார்வே கேட்கும். வழியில் கோபன்ஹேகனில் மூன்று நாள், கோதன்பர்க்கில் மூன்று நாள் என்று தங்கினால், கிளம்பும் முன் வீட்டில் கொடுத்தது காலாவதி. ஸ்வீடனில் ஒரு கிளினிக்கில் முன்பே நேரம் வாங்கிவையுங்கள்.

நார்வேயில் குடியிருந்து, வார இறுதிக்கு ஸ்வீடன் போய் வருபவர்கள் கிளம்புவதற்கு முன்பே நார்வேயில் மருந்து கொடுத்துவிட்டு, 24 மணி கழித்து, 120 மணிக்குள் திரும்பிவிட்டால் போதும். அடிக்கடி எல்லை தாண்டுபவர்களுக்கு நார்வேயிலும் பின்லாந்திலும் இன்னொரு வழியும் உண்டு. 28 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் இரண்டு முறை கொடுத்து, பிறகு ஒவ்வொரு 28 நாளுக்குள்ளும் விடாமல் தொடர்ந்து கொடுத்துவந்தால், ஒவ்வொரு பயணத்துக்கும் மணிக்கணக்குப் பார்க்க வேண்டாம். ஒருமுறை விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

லண்டனுக்குப் போகிறோம். என்ன மாற்றம்?

ஒன்றிய நாட்டில் குடியிருப்பவர், அங்கே வாங்கிய பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குள் போகலாம். நாய்க்கு மேலே சொன்ன மருந்து கட்டாயம். பிரிட்டனில் வாங்கிய பழைய பிராணிப் பாஸ்போர்ட்தான் 2021 ஜனவரி 1 முதல் செல்லாமல் போனது. அங்கே குடியிருப்பவர்கள் இந்தப் பக்கம் வர, ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக விலங்கு நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய பத்து நாளுக்குள் வாங்குவது, விலையும் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: ஒன்றியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாய்க்கு பிரிட்டனில் ரேபீஸ் ஊசி போட்டு, அங்குள்ள மருத்துவர் அதை உங்கள் புத்தகத்தில் எழுதினால், அந்தப் பதிவு ஒன்றியத்துக்குள் செல்லாது. ஊசி முடியும் காலம் நெருங்கியிருந்தால் கிளம்பும் முன்பே இந்தப் பக்கம் போட்டுவிடுங்கள். இறைச்சி, பால் கலந்த நாய் உணவையும் பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குள் பொதுவாகக் கொண்டுவர முடியாது.

வழி? லண்டன் போகும் யூரோஸ்டாரில் வழிகாட்டி நாய் தவிர எந்தப் பிராணியும் ஏற முடியாது. கலேயிலிருந்து ஃபோக்ஸ்டனுக்குப் போகும் கார் ரயிலில், உங்கள் காருக்குள்ளேயே உங்களோடு வரலாம். 35 நிமிடம்தான், பதற்றமான பிராணிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கார் இல்லாதவர்களுக்கு நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்திலிருந்து ஹாரிச் போகும் கப்பல் உண்டு. நடந்து ஏறும் பயணியும் பிராணியைக் கொண்டுபோகலாம், முன்பதிவு வேண்டும். விமானம் என்றால் பிரிட்டனுக்குள் பொதுவாகச் சரக்காகத்தான் போகும். செலவு எக்கச்சக்கம், நான் பரிந்துரைப்பதில்லை.

சுவிட்சர்லாந்துக்கு ஏதாவது தனி விதி?

காது, வால் வெட்டிய நாய்களை அங்கே இறக்குமதி செய்யத் தடை. விடுமுறைக்கு வந்து திரும்புபவர்களுக்கும் குடிபெயர்ந்து வருபவர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றபடி பாஸ்போர்ட், சிப், ஊசி, அவ்வளவுதான்.

எங்கள் நாய் பிட்புல் வகை. ஏதாவது சிக்கல் வருமா?

வரும். இங்கே ஒன்றியத்தின் பொதுவிதி எதுவும் இல்லை, ஒவ்வொரு நாடும் தன் பட்டியலை வைத்திருக்கிறது. டென்மார்க்கில் 13 இனங்களுக்குத் தடை. பிட்புல், தோசா மட்டுமல்ல, கங்கால், காக்கேசிய மேய்ப்பு நாய், அமெரிக்கன் புல்டாக், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியரும் அதில் அடக்கம். நார்வே பட்டியலில் செக்கோஸ்லோவாகிய ஓநாய் நாயும் உண்டு. பிரிட்டனில் 1991 சட்டம் நான்கு இனங்களைத் தடைசெய்தது, 2024-இல் எக்ஸ்எல் புல்லியும் சேர்ந்தது. பிரான்ஸ் "முதல் வகை" என்று சொல்லும் நாய்களை உள்ளேயே விடாது. ஜெர்மனியில் பிட்புல், இரண்டு ஸ்டாஃபர்ட்ஷயர் வகைகள், புல் டெரியர் ஆகியவற்றை இறக்குமதி செய்யத் தடை. சுற்றுலாவாக நான்கு வாரம் வரை வருபவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வாய்மூடி, கயிறு விதிகள் மாறும்.

கலப்பின நாய்தான் இதில் பெரிய தலைவலி. பல நாடுகளில் பார்வைக்கு அந்த இனம் போலத் தெரிந்தாலே போதும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. எந்த இனக் கலப்பு என்று பாஸ்போர்ட்டிலும் வம்சச் சான்றிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வழியில் தாண்டும் நாட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்வீடன் போக டென்மார்க் வழியாகக் காரை ஓட்டுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் ரோஸ்டோக்கிலிருந்து ஸ்வீடனின் ட்ரெல்லெபோரிக்கு நேராகக் கப்பல் இருக்கிறது.

காரில் எப்படி உட்கார வைப்பது?

ஜெர்மனியில் சட்டப்படி நாய் ஒரு சரக்கு: கட்டப்படாத சரக்குக்கு என்ன அபராதமோ அதேதான். கூண்டு, அல்லது சீட்பெல்ட்டில் மாட்டும் மார்புப்பட்டி. கழுத்துப்பட்டியில் மாட்டாதீர்கள், திடீர் பிரேக்கில் கழுத்து முறியும்.

கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். வயிறு நிறைந்தால் வாந்திதான். வாந்தி வழக்கமாக வரும் நாய்க்கு மருத்துவர் தரும் மரோபிட்டன்ட் மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். கோடையில் மூடிய காருக்குள் ஐந்து நிமிடம் என்று விட்டுப் போகாதீர்கள். பெட்ரோல் காசு கட்டும் வரிசையே சில நேரம் பத்து நிமிடம்.

பூனையைக் கூட்டிப்போகலாமா?

ஒரு வாரத்துக்கும் குறைவான பயணம் என்றால் வேண்டாம் என்பது என் கருத்து. நாய் தன் ஆட்களோடு இருந்தால் போதும் என்று நினைக்கும். பூனைக்கு இடம்தான் முக்கியம். பக்கத்து வீட்டார் காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைத்து, மண்தட்டைச் சுத்தம் செய்தால் அதற்கு அதுவே சொர்க்கம்.

குடிபெயர்வது, நீண்ட விடுமுறை என்றால் வேறு வழியில்லை. கூடையைப் பரணிலிருந்து கிளம்பும் நாளன்று இறக்குவதுதான் எல்லா ரகளைக்கும் தொடக்கம். மூன்று நான்கு வாரம் முன்பே கூடத்தில் கதவைத் திறந்து வைத்துவிடுங்கள். உள்ளே அது வழக்கமாகப் படுக்கும் துணி, அவ்வப்போது ஒரு வாய் தின்பண்டம். தானாகவே உள்ளே போய்த் தூங்கத் தொடங்கியதும் கதவைக் கொஞ்ச நேரம் மூடுங்கள், அப்புறம் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று, அப்புறம் காரில் பத்து நிமிடம். மேல்பக்கமும் திறக்கும் கூடையாக வாங்குங்கள். பயந்த பூனையை முன்வாசல் வழியாக இழுத்து எடுப்பது மருத்துவருக்கே சிரமம்.

போகும் வழியில் கூடையை மெல்லிய துணியால் மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் அரைமணி நேரம் கத்தும், கத்தட்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் எக்காரணம் கொண்டும் கூடையைத் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் கார்க் கதவு, ஜன்னல் எல்லாம் மூடியபின், மார்புப்பட்டி மாட்டிய பூனையை மட்டும். சேர்ந்த இடத்தில் முதல் இரண்டு நாள் ஒரே அறை போதும்.

ரயிலிலும் விமானத்திலும்?

ரயில் சுலபம். பெரும்பாலான நாடுகளில் கூடைக்குள் அடங்கும் சிறு பிராணிக்கு டிக்கெட் இல்லை, அல்லது சிறு கட்டணம். பெரிய நாய்க்கு டிக்கெட், கயிறு, வாய்மூடி. இத்தாலியில் பொது இடத்தில் கயிறு ஒன்றரை மீட்டருக்குமேல் நீளமாக இருக்கக் கூடாது, வாய்மூடியைக் கையிலும் வைத்திருக்க வேண்டும். ஜெர்மன் ரயில்களில் மாட்டியே இருக்க வேண்டும். வீட்டிலேயே பழக்காமல் ரயில் நிலையத்தில் முதன்முதலாக மாட்ட முயலாதீர்கள்.

விமானத்தில் கேபினுக்குள் பல நிறுவனங்களில் பையோடு சேர்த்து எட்டு கிலோதான் வரம்பு. ரயன்ஏர், ஈஸிஜெட் போன்ற மலிவு நிறுவனங்கள் உதவி நாய்கள் தவிர எதையும் ஏற்றுவதில்லை. எடை கூடினால் விமானத்தின் அடியிலுள்ள சரக்கு அறையில்தான். பக், பிரெஞ்சு புல்டாக், பாரசீகப் பூனை போன்ற தட்டை மூக்கு இனங்களைப் பல நிறுவனங்கள் அங்கே ஏற்றுவதில்லை. மூச்சுத்திணறலும் வெப்பமும் அவற்றைக் கொன்றுவிடும் என்பதால் இது சரியான விதிதான்.

"தூக்க மருந்து கொடுத்துவிடலாமா?" என்று கேட்பார்கள். விமானத்துக்கு வேண்டாம். ரத்த அழுத்தம் குறையும், உடம்பைச் சமநிலைப்படுத்திக்கொள்ள முடியாது, யாரும் பக்கத்தில் இல்லை. மயக்கத்தில் இருக்கும் பிராணியை ஏற்ற மறுக்கும் நிறுவனங்களும் உண்டு.

ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம் போகிறோம். சட்டம் கேட்காத, ஆனால் தேவையான மருந்து ஏதாவது?

இதைச் சட்டக் காகிதங்களைவிடப் பெரிதாக நினைக்கிறேன். வடக்கு ஐரோப்பாவில் வளர்ந்த நாய் பார்த்திராத நோய்கள் அங்கே உண்டு.

முதலாவது லீஷ்மேனியாசிஸ். மணல் ஈ கடித்துப் பரவுவது. கொசுவைவிடச் சிறியது, சத்தமே வராது, மாலை மங்கியதும் வெளியே வரும். நோய் பல மாதம், சில நேரம் பல ஆண்டு கழித்துத்தான் தெரியும்: கண்ணைச் சுற்றி முடி உதிர்தல், நகம் அளவுக்கு மீறி வளர்தல், எடை குறைதல், கடைசியில் சிறுநீரகம். முழுக்கக் குணமாவது அரிது. டெல்டாமெத்ரின் கழுத்துப்பட்டியையோ பெர்மெத்ரின் சொட்டு மருந்தையோ பயணத்துக்கு முன்பே போட்டு, இரவில் நாயை வீட்டுக்குள் படுக்க வையுங்கள். பட்டி முழுதாக வேலை செய்யச் சில நாள் எடுக்கும் என்பதால் கிளம்பும் அன்று போட்டால் பிரயோசனமில்லை.

ஆனால் கவனம்: பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வந்து சாகும். நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்குக்கூட ஆபத்து. இரண்டும் இருக்கும் வீடு என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து வாங்குங்கள்.

இரண்டாவது இதயப்புழு. கொசு பரப்புவது, இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் நெடுங்காலமாக உண்டு. மாதம் ஒருமுறை மாத்திரையால் தடுக்கலாம். திரும்பி வந்த பிறகும் ஒருமுறை கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே தொற்றிய இளம் புழுக்களைக் கொல்லும்.

உண்ணி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, தினமும் மாலை காது, அக்குள், கால்விரல் இடுக்கு பாருங்கள். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பைன் மரக் காடுகளில் கம்பளிப்புழுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்வலம் போகும். நாய் மோந்து பார்த்தாலே நாக்கு வீங்கும், திசு அழுகிவிடும். தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

என்னால் போக முடியவில்லை, தம்பி காரில் கூட்டிவரலாமா?

வரலாம். நீங்கள் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம் அவரிடம் இருக்க வேண்டும், உங்கள் பயணமும் அதற்கு ஐந்து நாள் முன்பின்னாக இருக்க வேண்டும். ஒருவர் அதிகபட்சம் ஐந்து பிராணிகளைக் கொண்டுபோகலாம்.

முயல், கிளி, ஆமை?

இவற்றுக்கு ஒன்றியப் பாஸ்போர்ட் கிடையாது, அந்தந்த நாட்டு விதிதான். கிளிக்கும் ஆமைக்கும் இன்னொரு கண்ணி உண்டு: அழியும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை. சாம்பல் ஆப்பிரிக்கக் கிளி 2017 முதல் அதன் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து, நார்வே, பிரிட்டன் மூன்றும் ஒன்றியத்துக்கு வெளியே என்பதால், அங்கே கூட்டிப்போகவே தனி அனுமதி வேண்டும்.

துருக்கிக்கோ, சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த் திரும்பினால்?

துருக்கி, இந்தியா, இலங்கை மூன்றும் ரேபீஸ் விஷயத்தில் ஒன்றியத்தின் பட்டியலில் இல்லை. அங்கிருந்து திரும்பும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும்: எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐயூ (சர்வதேச அலகு) அல்லது அதற்குமேல், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து எடுத்த ரத்தம், ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம்.

கிளம்புவதற்கு முன்பே இங்கே இதைச் செய்து முடிவைப் பாஸ்போர்ட்டில் எழுதி வாங்கிவிட்டால், திரும்பும்போது காத்திருப்பு இல்லை. ஊசியை இடைவெளி விடாமல் தொடர்ந்தால் அந்த முடிவு ஆயுள் முழுக்கச் செல்லும். செய்யாமல் போனால், அங்கே ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் திரும்ப முடியும். மூன்று வார விடுமுறைக்குப் போனவர் நாயை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும் கதை இப்படித்தான் வருகிறது. இந்தியாவுக்குள்ளும் இலங்கைக்குள்ளும் நுழைவதற்கு அந்த நாடுகளின் அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும்.

உறவினர் வீட்டில் தங்கலாமா, ஹோட்டலா?

கேட்டுவிட்டுப் போங்கள். நம் ஆட்களில் பலருக்கு நாய் என்றால் வாசலோடு சரி, அதுவும் சாமியறை உள்ள வீடு என்றால் சங்கடம் இருவருக்கும். பிராணியை ஏற்கும் வாடகை வீட்டைப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

போன இடத்தில் காணாமல் போய்விட்டால்?

சிப் இருந்தால் மட்டும் போதாது. சிப்பில் ஓர் எண் தவிர ஒன்றும் இல்லை. உங்கள் பெயரும் தொலைபேசியும் ஒரு பதிவகத்தில் இருந்தால்தான் கண்டெடுத்தவர் உங்களை அழைக்க முடியும். ஜெர்மனியில் டாசோ, ஃபைன்ட்எஃபிக்ஸ், பிரான்ஸில் ஐ-காட். பல நாட்டுப் பதிவகங்களில் ஒரே நேரத்தில் எண்ணைத் தேட யூரோபெட்நெட் உதவும். சில நாடுகளில் மருத்துவரே பதிந்துவிடுவார், ஜெர்மனியில் நீங்கள்தான் பதிய வேண்டும், பலர் பதிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் எண் நாட்டுக் குறியீட்டோடு (+49, +33 என்று) இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்துப்பட்டியில் தொங்கும் வில்லையிலும் அப்படியே. காணவில்லை என்றதும் அந்த ஊர்க் கால்நடை மருத்துவர்கள், காவல் நிலையம், பிராணிக் காப்பகம் மூன்றுக்கும் சிப் எண்ணைக் கொடுத்துவிட்டு, பதிவகத்திலும் "காணவில்லை" என்று குறித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், பிராணியின் இரண்டு பக்கத் தோற்றத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் தேட வேண்டியிருக்காது.